கார்த்திகையில் நின்ற ரயில், மாசியில் தடம் புரண்டது: வெலிங்டன் வீட்டு மாதிரி ரயில் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

குன்னூரில் மோட்டார் ரீவைண்டிங் வேலை செய்கிறேன். தண்ணீர் மோட்டார், மிக்ஸி, தேயிலைத் தொழிற்சாலை விசிறி மோட்டார் எல்லாம் கடைக்கு வரும். ஐப்பசி கடைசியில் நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்ன ரயில் எஞ்சினை மேசையில் வைத்தார். "மோட்டார் போயிடுச்சு தம்பி. ரீவைண்ட் பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

12 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். எஞ்சின் சீராக ஓடியது. 0.3 ஆம்பியருக்கு மேல் இழுக்கவில்லை, கார்பன் பிரஷ்ஷில் பொறி இல்லை, சூடும் ஏறவில்லை. மோட்டாரில் கோளாறு எதுவும் கிடையாது. "சார், வீட்டுக்கு வந்து தண்டவாளத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

வீடு வெலிங்டன் பக்கம் ஒரு சரிவில் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு, கூடத்தில் விறகு எரிக்கும் கணப்பு. அதிலிருந்து ஆறேழு அடி தள்ளி, 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒன்றின் மேல் ரயில் பாதை. வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கித் தந்த ஒரு செட்டில் தொடங்கி, தாத்தாவும் எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கியது. எச்.ஓ. அளவு, அதாவது உண்மையான ரயிலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இதில் பேத்திக்கு ஒரு மனக்குறை இருந்தது. 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ. வருகிறது, நம் ஊட்டி ரயிலோ 1,000 மி.மீ. மீட்டர் கேஜ். "நம்ம ரயிலுக்கு இது அகலம் ஜாஸ்தி அங்கிள்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஆனால் ஏற்றத்தை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. குன்னூருக்கு மேலே ஊட்டி வரையுள்ள பாதையில் அதிகபட்ச ஏற்றம் 25-க்கு 1. இங்கேயும் 2 மீட்டரில் 8 செ.மீ. ஏறி, பாதை தன் மேலேயே பாலமாகக் கடந்து, மறுபக்கம் இறங்குகிறது. மொத்தச் சுற்று சுமார் ஆறரை மீட்டர். கீழே 'கேத்தி' என்று பெயர்ப்பலகை வைத்த ஒரு நிலையம், அதற்கு ஒரு பாயிண்ட் (ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் இடம்), ஒரு கிளைப்பாதை. எஞ்சின்கள் இரண்டு: ஆறு சக்கர நீராவி எஞ்சின், எட்டு சக்கர டீசல் எஞ்சின். நீலமும் வெண்மஞ்சளும் பூசிய நான்கு பெட்டிகளின் உடலை ஆசிரியரே அட்டையில் வெட்டி ஒட்டியிருந்தார்.

ஏற்கெனவே செய்து பார்த்தவை

ரயில் அடிக்கடி நிற்கிறது, அடிக்கடி இறங்கிவிடுகிறது. இவ்வளவுதான் புகார். ஆனால் நான் போவதற்குள் அவர்கள் பலதும் செய்து பார்த்திருந்தார்கள். தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள். பக்கத்து ஊரில் காய்ச்சும் நீலகிரித் தைலத்தைத் துணியில் நனைத்து வாரம் ஒருமுறை துடைத்திருந்தார்கள். ரயிலுக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துத் தரும் கன்ட்ரோலரை மாற்றிப் பார்த்தார்கள். மல்டிமீட்டரால் பாதை முழுக்க அளந்து எல்லா இடத்திலும் 12 வோல்ட் இருப்பதாக நோட்டில் குறித்திருந்தார்கள். அதனால்தான் 'கரண்ட் சரி, எஞ்சின்தான் போச்சு' என்ற முடிவுக்கு ஆசிரியர் வந்திருக்கிறார். அந்த முடிவில் தப்பு சொல்ல மாட்டேன். அந்த அளவை நம்பினால் யாருமே அங்கேதான் போய்ச் சேர்வார்கள்.

முதல் முடிவு: மூன்று நாள் கை வைக்காமல் இருப்பது

கருவிப் பையைத் திறக்காமல் ஒரு வேலை கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் எதையும் துடைக்கக் கூடாது, திருகக் கூடாது. ரயில் எங்கே தடங்கினாலும் அந்த இடத்தில் ஒரு காகிதக் கொடி நட வேண்டும். எந்த எஞ்சின், எந்தத் திசை, இழுத்ததா தள்ளியதா, எத்தனையாவது பெட்டி, சக்கரம் நின்றதா சுழன்றதா என்று நோட்டில் எழுத வேண்டும். எஞ்சின்களை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

காரணம் இதுதான். நிற்பதும் இறங்குவதும் ரயிலோடு கூடவே போகிற கோளாறா, பாதையில் ஒரே இடத்தில் இருக்கிற கோளாறா என்று தெரியாமல் கை வைத்தால், எதைச் சரிசெய்தோம் என்பதே பிறகு புரியாது.

பேத்தி 60 சுற்றுக்குக் கணக்கு வைத்திருந்தாள். தடங்கல் 34. அதில் நின்றது 23, தடம் புரண்டது 11. நின்றவற்றில் 12 தடவை, ஏற்றம் முடியும் தூர வளைவில், இரண்டு எஞ்சினும். 7 தடவை பாயிண்ட் மேல், நீராவி எஞ்சின் மட்டும். மீதி 4 தடவை ஏற்றத்தின் நடுவே, சக்கரம் சுழன்றுகொண்டே இருக்க ரயில் நகரவில்லை. தடம் புரண்டதில் 7 தடவை ஏற்ற வளைவில், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்போது மட்டும். 4 தடவை பாயிண்டில், ஒவ்வொரு முறையும் மூன்றாவது பெட்டி. அந்தப் பெட்டியை முதலாவதாகக் கோத்தபோதும் அதுவேதான் இறங்கியது.

ஆக, கோளாறு ஒன்றல்ல, ஐந்து. அவை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்ததால் 'ரயிலே சரியில்லை' என்று தோன்றியிருக்கிறது. நான் செய்த பற்றவைப்பையெல்லாம் விட அந்த நோட்டுப் பக்கம்தான் பெரிய வேலை என்று இப்போதும் நினைக்கிறேன்.

தூர வளைவில் நின்றது ஏன்

எஞ்சின் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மின்சாரம் எடுக்கிறது. அந்த மின்சாரம் பாதைக்குள் வருவது கேத்தி நிலையத்தில் ஒரே ஒரு இடத்தில். அங்கிருந்து தூர வளைவு வரை ஒவ்வொரு தண்டவாளத் துண்டையும் அடுத்ததோடு இணைப்பது ஒரு சின்னத் தகரக் கவ்வி. பெரிய ரயிலில் ஃபிஷ் பிளேட் என்பார்கள், இதில் ஜாயினர். ஒரு பக்கத்துக்கு 28 ஜாயினர். நீலகிரி ஈரத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கறை படிந்திருந்தது.

இதை மல்டிமீட்டர் ஏன் காட்டவில்லை? வோல்ட் அளக்கும்போது மீட்டர் மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஓட்டம் இல்லையென்றால் கறை படிந்த மூட்டில் இழப்பும் இல்லை. முழு வோல்ட்டும் வந்து நிற்கும். எஞ்சின் ஓடத் தொடங்கினால்தான் அந்த மூட்டுகள் தின்ன ஆரம்பிக்கும். பைக்கின் 12 வோல்ட், 5 வாட் பல்ப் ஒன்றைத் தண்டவாளத்தில் சேர்த்து, அது எரியும்போது அளந்தேன். அந்தப் பல்ப் 0.4 ஆம்பியர் இழுக்கும், ஏறக்குறைய எஞ்சின் அளவு. நிலையத்தில் 11.6 வோல்ட், தூர வளைவில் 7.8. பல்பை எடுத்ததும் அதே வளைவில் மறுபடி 12. ஆசிரியர் அதை மூன்று தடவை தானே செய்து பார்த்தார்.

சரி, என்ன செய்வது? பலகைக்கு அடியில் வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. வயரைச் சுற்றிலும் ஓட்டி, சுமார் ஒரு மீட்டருக்கு ஒன்றாக, பலகையில் துளையிட்டு மெல்லிய கம்பிகளை மேலே கொண்டுவந்து தண்டவாளத்தின் வெளிப்பக்கம் சால்டர் செய்தேன். பிளாஸ்டிக் கட்டைகள் உருகாமல் இருக்க, பற்றவைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஈரத் துணியைச் சுருட்டி வைத்தேன். அமிலம் கலந்த பேஸ்ட்டைத் தவிர்த்து, ரெசின் உள்ள ஈயக்கம்பியை மட்டும் பயன்படுத்தினேன். இந்த ஈரத்துக்கு அமிலம் மிஞ்சினால் பச்சை பூத்துவிடும். பல்ப் எரியும்போது தூர வளைவில் இப்போது 11.2 வோல்ட்.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வேலை உறுதியாக இருக்கட்டும் என்று, ஜாயினர்கள் அத்தனையையும் தண்டவாளத்தோடு சேர்த்து சால்டர் செய்துவிட்டேன். மழை விடாத கார்த்திகை மாதம் அது. இதன் பலன் பின்னால் வருகிறது.

தைலமும் ரப்பரும்

ஏற்றத்தில் சக்கரம் வழுக்கியதற்குக் காரணம் தேட நேரம் ஆகவில்லை. எஞ்சினைக் கவிழ்த்ததுமே தைல வாசனை அடித்தது. நீராவி எஞ்சினின் ஆறு சக்கரத்தில் பின் அச்சின் இரண்டுக்கு மட்டும், பிடிப்புக்காக மெல்லிய ரப்பர் வளையம் உண்டு. அந்த வளையம் உப்பி, தளர்ந்து, சக்கரத்தின் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நீலகிரித் தைலம் பசையைக் கரைக்கும் என்பது எல்லார் வீட்டிலும் தெரியும். ரப்பரையும் அப்படித்தான் ஊறவைக்கும். போதாததற்கு, தண்டவாளத்தில் மிஞ்சிய மெல்லிய எண்ணெய்ப் படலம் கணப்புப் புகையையும் தூசியையும் பிடித்துவைத்து, சக்கரங்களில் கறுப்புப் பட்டையாக ஏற்றிவிட்டது. உப்புத்தாள் போட்ட நுண்கீறல்கள் அந்தக் கறுப்பைத் தங்கவைத்தன.

மலைக்காரர்களுக்குத் தைலம் எதற்கும் மருந்து. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தண்டவாளத்துக்கு அது ஆகாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துணி நனைத்துத் துடைத்தோம். அது தீப்பற்றும் என்பதால், அன்று கணப்பு மூட்டவில்லை, ஜன்னலையும் திறந்து வைத்தோம். ரப்பர் வளையங்களை மாற்றினோம்.

சக்கரம் சுத்தமானதும் பாயிண்டில் நிற்பதும் பெருமளவு குறைந்தது. பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது, அதில் மின்சாரம் கிடையாது. ரப்பர் போட்ட சக்கரமும் மின்சாரம் எடுக்காது. ஆகவே நீராவி எஞ்சினுக்கு மிச்சம் நான்கு சக்கரம்தான். பிளாஸ்டிக்கின் மேல் ஒன்று நின்று, அதே பக்கத்து இன்னொன்றில் அழுக்கும் இருந்தால் எஞ்சின் செத்தது போலத்தான். எட்டு சக்கர டீசல் நீளமானது, தாண்டிப் போய்விடும்.

மூன்றாவது பெட்டி

ஒரே பெட்டி, எங்கே கோத்தாலும் பாயிண்டில் இறங்குகிறது என்றால் பாதையைப் பார்க்க வேண்டியதில்லை. ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் உள்பக்க இடைவெளியை வெர்னியரில் அளந்தேன். இந்த அளவு ரயிலுக்கு அது சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். மற்ற பெட்டிகளில் சரியாக இருந்தது. மூன்றாவதில் ஓர் அச்சு மட்டும் 13.8. நேர்ப்பாதையில் இந்தக் குறை தெரியாது. பாயிண்டில் சக்கரத்தை வழிநடத்த உள்ளே ஒரு காவல் தண்டவாளம் உண்டு. குறுகிய அச்சு அதன் மேல் ஏறி, அப்படியே வெளியே விழுகிறது. சக்கரத்தை மெல்லத் திருகி வெளியே இழுத்ததும் சரியானது. ஐந்து நிமிட வேலை.

தள்ளுவதா, இழுப்பதா

ஏற்ற வளைவில் இறங்குவதற்கு நான் சொன்ன வழி எளிது: எஞ்சினை முன்னால் மாட்டி இழுங்கள். ஏழு தடங்கலும் தள்ளும்போதுதான் நடந்திருக்கின்றன.

ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும், கீழிருந்து தள்ளும். 12-க்கு 1 ஏற்றத்தில் இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு போகாமல் எஞ்சின் தாங்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பெட்டிக்குப் பெட்டி பிரேக்மேன் நிற்பதும் அதனால்தான். "இழுத்துட்டுப் போனா அது எந்த ஊர் ரயிலோ ஆயிடும் தம்பி" என்றார். அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. இந்த ரயில் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை விட்டுவிட்டு ஓட வைப்பதில் என்ன பயன்?

சரி, தள்ளியே ஓட வேண்டும். பெட்டி ஒவ்வொன்றையும் எடைபோட்டோம். 45 கிராம். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. எச்.ஓ. பெட்டிக்குப் பரிந்துரைக்கும் எடை, ஒரு அவுன்ஸும் அங்குலத்துக்கு அரை அவுன்ஸும். ஆறு அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். அட்டைப் பெட்டிகள் அதில் பாதிகூட இல்லை. வளைவில் பின்னாலிருந்து நெருக்கும்போது லேசான பெட்டி வெளிப்பக்கம் பிதுங்கி, சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடுகிறது.

முழு எடையும் ஏற்றலாமா? 25-க்கு 1 ஏற்றத்தில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் 4 கிராம் கூடுதல் விசை வேண்டும், உராய்வு தனி. நான்கு பெட்டிக்கு 113 கிராம் வைத்துப் பார்த்தபோது நீராவி எஞ்சின் பாதி ஏற்றத்தில் திணறியது. கடைசியில் மூன்று பெட்டி, ஒவ்வொன்றும் 95 கிராம் என்று முடிவு செய்தோம். இரும்பு வாஷர்களைப் பெட்டியின் அடித்தளத்தில், சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களுக்கு நேர் மேலே ஒட்டினோம். உயரத்தில் ஒட்டினால் பெட்டி கவிழும். நான்காவது பெட்டி கேத்தி கிளைப்பாதையில் நிற்கிறது. ஒன்று குறைந்ததில் பேத்திக்கு வருத்தம்தான்.

மார்கழியில் 100 சுற்று ஓட்டினார்கள். பாயிண்டில் நீராவி எஞ்சின் 3 தடவை நின்றது. தடம் புரளவே இல்லை.

மாசியில் நடந்தது

பிப்ரவரி நடுவில் ஆசிரியர் போன் செய்தார். இதுவரை ஒருமுறைகூடத் தடங்காத இடத்தில், பாலத்துக்கு அடியில் போகும் நேர்ப்பாதையில், எல்லாப் பெட்டியும் இறங்குகின்றன.

போய்ப் பார்த்தேன். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தினால் தெரிந்தது, நேராக இருந்த பாதை ஓரிடத்தில் பக்கவாட்டில் வில்லாக வளைந்திருக்கிறது. ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டு நின்றது.

"குளிர்ல இரும்பு சுருங்கும்னுதானே படிச்சிருக்கோம். உறைபனி காலத்துல எப்படி அங்கிள் நீளும்?" என்று பேத்தி கேட்டாள். சரியான கேள்வி. எனக்கு அன்று பதில் தெரியவில்லை. தண்டவாளம் இரும்பு அல்ல, நிக்கல் சில்வர் என்ற செப்புக் கலவை; ஆனால் அதுவும் குளிரில் சுருங்கும். 10 டிகிரி குறைந்தால் ஒரு மீட்டருக்கு 0.2 மி.மீ.கூட வராது. அது இங்கே விஷயமே இல்லை.

விடை மறுநாள் கடையில் கிடைத்தது. மழைக்காலத்தில் இறுகி, தை மாசியில் தளர்ந்து ஆடும் என் கடைக் கதவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. தண்டவாளம் நீளவில்லை, பலகை சுருங்கியிருக்கிறது. கார்த்திகை ஈரத்தில் பிளைவுட் நன்றாக ஊறி விரிந்திருந்தபோது நான் மூட்டுகளை எல்லாம் சால்டர் செய்து பூட்டிவிட்டேன். தை, மாசியில் இரவில் உறைபனி, பகலில் காய்ந்த வெயில், கூடத்தில் தினமும் கணப்பு. பலகை காய்ந்து சுருங்க, மேலே பூட்டிய தண்டவாளத்துக்குப் போக இடமில்லை. முன்பு ஜாயினர்களில் இருந்த சின்னச் சின்ன இடைவெளிகள் இதைத் தாங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அடைத்தது நான்.

நீளத்தில் மிகச் சிறிய நெருக்கம்கூட வளைவில் பெரிதாகத் தெரியும். 30 செ.மீ. தண்டவாளத்தை 0.1 மி.மீ. நெருக்கினால், நடுவில் அது 3 மி.மீ.-க்கு மேல் பிதுங்கிவிடும். ரயில் இறங்க அதில் பாதி போதும்.

இரண்டாம் திருத்தம்

ஆசிரியரிடம் என் தவறை அப்படியே சொன்னேன். மின்சாரத்துக்காக ஜாயினரைப் பற்றவைத்திருக்கத் தேவையே இல்லை. மீட்டருக்கு ஒரு கம்பி ஏற்கெனவே இருந்தது. ஒரு கோளாறுக்குப் போட்ட மருந்து இன்னொன்றை உண்டாக்கிவிட்டது.

நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் மெல்லிய ரம்பத்தால் நேர்ப்பாதை மூட்டுகளைத் திறந்து, ஜாயினர்கள் வழுக்கிப் போகும்படி விட்டேன். இரண்டு இடைவெளிக்கு நடுவே உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக ஒரு கம்பி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இரண்டுக்குச் சேர்த்தேன். வளைவுகளில் மட்டும் சில மூட்டுகளை அப்படியே விட்டேன், அங்கே தளர்ந்தால் முனை ஒடிந்து நிற்கும். காய்ந்த மாதத்தில் வெட்டியதால் அரை மி.மீ. இடைவெளி போதும் என்று வைத்தோம்; மழையில் அது தானே விரியும். ஈர மாதத்தில் வெட்டியிருந்தால் ஒரு மி.மீ. விட்டிருப்பேன்.

பங்குனியில் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி அடிப்பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் இரண்டு கோட் வார்னிஷ் அடித்தோம். அதற்கு முன் பலகையின் அடியில் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு பென்சில் கோடு போட்டோம். கணப்பிலிருந்து பலகையை எதிர்ச்சுவர் பக்கம் மாற்றினோம்.

மறுபடி செய்தால் மாற்றிக்கொள்வது

முதல் நாளே பல்ப் வைத்து அளப்பேன். நல்ல இடத்தையும் மோசமான இடத்தையும் பல்போடு அளந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம்.

எந்த மாதத்தில் பாதை போடுகிறோம் என்பதைக் கேட்பேன். வெளியூர்க்காரர்கள் எழுதிவைத்திருக்கும் வழிமுறைகள் பெரும்பாலும் வெயிலில் தண்டவாளம் நீள்வதைப் பற்றியே பேசும். நீலகிரியில் பலகைதான் அதிகம் அசைகிறது, அதுவும் குளிர்காலத்தில்.

ஒரே நாளில் இரண்டு திருத்தம் செய்ய மாட்டேன். கம்பி போட்ட அன்றே ஜாயினரையும் பற்றவைத்ததால், கம்பி மட்டுமே போதுமா என்று பார்க்கும் வாய்ப்பை இழந்தேன்.

அடுத்த ஐப்பசி மழையில் பேத்தி பென்சில் கோடுகளை அளந்தாள். இடைவெளி ஒன்றரை மி.மீ. கூடியிருந்தது. வார்னிஷ் அடித்தும் இவ்வளவு. ஜாயினர் இடைவெளிகள் விரிந்திருந்தன, ரயில் அவற்றின் மேல் டக் டக்கென்று ஓடியது. போன தை, மாசியிலும் நேர்ப்பாதை நேராகவே இருந்தது. பாயிண்டில் மட்டும் நீராவி எஞ்சின், மிக மெதுவாகப் போனால், இன்னும் சில நேரம் நிற்கிறது. குறுக்கிடும் இடத்திலும் மின்சாரம் வரும் பாயிண்ட் ஒன்றை மகன் அடுத்த விடுமுறைக்குக் கொண்டுவருகிறார். அதைப் பொருத்த என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.